அத்தானின் கையும் ஒரு கட்டைவிரலும்

எங்கள் அத்தானுக்குக் கை நடுங்கும். குடிப்பழக்கம் கிடையாது, பயந்த சுபாவமும் கிடையாது. நரம்பு செய்கிற கோளாறு. அவருடைய அப்பாவுக்கும் இருந்ததாம். ஊரில் நாலு பேருக்கு இருக்கிற தொந்தரவுதான். ஆனால் அந்த நாலு பேரும் வெட்டுப்பட்ட விரல்களைத் திரும்பச் சேர்த்து வைக்கிற டாக்டர்கள் இல்லை. இவர் அந்த டாக்டர். இவரிடமா விரலைக் கொடுப்பது என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. அதையும் மீறி அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடுகிற நிலைக்கு நான் எப்படி வந்தேன் என்பதைச் சொல்லப்போகிறேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நான் அதே ஆஸ்பத்திரியில் மெஷின்களைப் பழுதுபார்க்கிறவன். டாக்டர்தான் மச்சானுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தார் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். நான்தான் முதலில் சேர்ந்தேன். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அக்காவை அவர் பார்த்ததே என் பட்டறை வாசலில்தான். நியாயமாகப் பார்த்தால், டாக்டருக்குக் கல்யாணம் ஆனதே என்னால்தான்.

நடுக்கம் வருவதற்கு முன் அவருக்கு 'நூல் டாக்டர்' என்று பெயர். ஒரு விரல் அறுந்துவிட்டால் எலும்பைக் கம்பி போட்டு நிறுத்திவிடலாம். ஆனால் விரல் பிழைப்பது ரத்தக் குழாய்களைப் பொறுத்தது. ரத்தத்தை உள்ளே கொண்டுவர ஒரு தமனி, திரும்ப எடுத்துப்போக ஒரு சிரை, குறைந்தது இந்த இரண்டும் ஓடவேண்டும். உள்ளே வந்த ரத்தத்துக்கு வெளியே போக வழியில்லை என்றால் விரல் ஊதிக் கருத்துச் செத்துப்போகும். அந்தக் குழாய்கள் தீக்குச்சியைவிட மெலிந்தவை. அறுந்த இரண்டு வாய்களையும் நேருக்கு நேர் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி, தலைமுடியைவிட மெல்லிய நூலால் சுற்றிலும் தைப்பார். அந்த நூல் தரையில் விழுந்தால் யாரும் தேடுவதில்லை. தேடினாலும் கிடைக்காது.

நடுக்கத்தை முதலில் கண்டுபிடித்தது நாங்கள் யாரும் இல்லை, அந்த மைக்ரோஸ்கோப். சாப்பாட்டு மேசையில் கண்ணுக்கே படாத ஆட்டம், அதன் கீழே பூகம்பமாகத் தெரிந்ததாம். ஊசிமுனை குழாயின் ஓரத்தைத் தேடி அலைவதை அவரே பார்த்தார். அந்த நிமிஷமே ஊசியைச் சின்ன டாக்டரிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார். சின்ன டாக்டர் என்று நாங்கள் சொல்வது அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த பெண்ணை. வயதில் சின்னவள், வாயில் பெரியவள், தையலில் அத்தானுக்குச் சமம். அன்றிலிருந்து மெல்லிய குழாய்கள் எல்லாம் அவள் பொறுப்பாயின. மாத்திரை சாப்பிட்டதில் நடுக்கம் கொஞ்சம் அடங்கியது, ஆனால் நிற்கவில்லை.

கொஞ்ச நாளில் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போடவும் அவரால் முடியாமல் போனது. காலையில் அக்கா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் போட்டுவிடுவாள்.

"பேசாம அரைக்கைச் சட்டை வாங்கிக்குங்களேன். எனக்கு ஒரு வேலை மிச்சம்."

"அப்புறம் நீ எதுக்கு என் கையைப் பிடிக்கப்போற?" என்பார் அவர்.

நான் அங்கே நிற்கிறேன் என்ற நினைப்பே இருவருக்கும் இருக்காது.

வேறொருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்து தன்னை நொந்துகொண்டிருப்பார். அத்தான் லீவு போட்டுவிட்டு வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ரத்தக் குழாய்களை லேசரால் ஒட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். கூடவே இருந்து, கற்றுக்கொண்டு வந்தார். வந்ததும் அக்காவையும் என்னையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். குழாயின் இரண்டு வாய்களையும் மூன்றே மூன்று தையலால் பிடித்து நிறுத்த வேண்டும். இணைப்பைச் சுற்றிப் பச்சைச் சாயம் கலந்த புரதப் பசையைத் தடவ வேண்டும். அதன்மேல் லேசரைக் காட்டினால் சாயம் ஒளியைக் குடித்துச் சூடாகும். பசை கெட்டியாகி இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

"தோசைக்கல்லுல முட்டையோட வெள்ளை இறுகுதே, அந்த மாதிரியா?" என்று அக்கா கேட்டாள்.

"அதேதான். பச்சையாவும் இருக்கக் கூடாது, தீயவும் கூடாது."

சூடு குறைந்தால் இணைப்பு பிரிந்துகொள்ளும். கூடினால் குழாய் சுருங்கி, உள்ளே ரத்தம் உறைந்துவிடும். மூன்று தையலைச் சின்ன டாக்டர் போடுவாள், லேசரை அத்தான் பிடிப்பார் என்று ஏற்பாடு. லேசரின் ஒளிப்பொட்டு இணைப்பைவிட அகலமானது என்பதால் இலேசான நடுக்கம் அங்கே பெரிய குற்றமில்லை. ஆஸ்பத்திரிக் குழு மாதக்கணக்கில் யோசித்துவிட்டு, நூலால் முடியாத இடத்தில் மட்டும், நோயாளியிடம் விவரம் சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று அனுமதி கொடுத்தது. மெஷின் என் தலையில் விழுந்தது.

பிறகு ஆரம்பித்தது கோழிக்கால் காலம். கோழித் தொடைக்குள் ஓடும் ரத்தக் குழாய் கிட்டத்தட்ட நம் விரலில் இருக்கிற அளவுதான். அதனால் இந்த வேலையைப் பழகுகிறவர்கள் அதில்தான் பழகுவார்கள். அத்தான் கறிக்கடையில் தினமும் வாங்கிப் பயிற்சி அறை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார். வார்டு வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து, வெட்டி, ஒட்டி, ஊசியால் சிவப்புத் தண்ணீரைச் செலுத்திப் பார்ப்பார். கசிந்தால் குப்பைத்தொட்டி. கசியாவிட்டாலும் குப்பைத்தொட்டிதான், ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். டாக்டர் வீட்டில் தினமும் விருந்தா என்று கறிக்கடைக்காரர் என்னிடம் துருவித் துருவிக் கேட்டார். வீட்டில் அக்கா கோழி சமைப்பதையே நிறுத்திவிட்டாள் என்பது அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

லேசரை இயக்குவது காலால் மிதிக்கிற பெடல். பல மாதப் பயிற்சியில் அத்தானின் காலுக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. ஒரு மூச்சை நிதானமாக இழுத்து விடுகிற நேரம் மிதித்தால் இணைப்பு பதமாக இறுகும். கால் தானாகவே மிதிக்கும், தானாகவே எடுக்கும். ஒரு கட்டத்தில் கசிவே இல்லாமல் போனது. அவருடைய நடுக்கத்தால்தான் சூடு எல்லா இடத்திலும் சமமாகப் பரவுகிறது என்று நான் ஒரு தத்துவம் கண்டுபிடித்து ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? லேசரை ஒரு தாங்கியில் அசையாமல் பூட்டி, அதே வேலையைச் செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வித்தியாசமே இல்லை.

"மச்சான், ஆறுதலுக்குச் சொல்றது வேற, உண்மை வேற. இனிமே இதைச் சொல்லாத" என்றார்.

எனக்கு மூக்கறுபட்ட மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

நான் கோபப்பட்ட விஷயம் வேறு. நோயாளியிடம் லேசரைப் பற்றிச் சொன்னால் போதும் என்றுதான் குழு சொன்னது. இவர் தன் கையையும் நீட்டிக் காட்டுவார். விரித்த விரல்கள்மேல் ஒரு தாளை வைப்பார். தாள் படபடக்கும். "லேசர் பிடிக்கப்போற கை இதுதான். யோசிச்சுச் சொல்லுங்க" என்பார். பார்த்தவர்கள் எல்லோரும் சின்ன டாக்டர் நூலால் முடிந்தவரை தைத்தால் போதும் என்று ஓடினார்கள். சரி, நல்லதுதானே என்று இவரும் அனுப்பிவைத்தார். இப்படியே போனால் அந்த மெஷினுக்குத் தூசி தட்டுவதுதான் என் வேலையாக இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

ஒரு நாள் மதியம் பேக்கரியில் வேலைபார்க்கும் ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். மாவைத் தட்டையாக்கும் உருளையில் வலதுகைக் கட்டைவிரல் சிக்கி அறுந்துவிட்டது. கூட வேலைபார்த்தவர்கள் விரலைத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். புத்திசாலிகள். அந்த அம்மாவுக்குக் கையை மட்டும் மரத்துப்போக வைக்க ஊசி போட்டார்கள். முழு நினைவோடு இருந்தார். உருளையில் நசுங்கியதால் சிரைகள் மோசமாகத்தான் இருக்கும், லேசர் தேவைப்படலாம் என்று அத்தான் அவரிடம் சொன்னார். சொன்னவர் அதோடு விட்டாரா? இந்த நிலைமையிலும் கையை நீட்டித் தாளை வைத்துக் காட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த அம்மா தாளைப் பார்த்தார், அத்தான் முகத்தைப் பார்த்தார்.

"என் கைதான் ரெண்டா கிடக்கு டாக்டர். உங்க கை ஆடுதா பாடுதான்னு நான் ஏன் பார்க்கணும்? கட்டைவிரல் இல்லாம மாவைப் பிடிக்க முடியாது. வேற வேலையும் எனக்குத் தெரியாது. பார்த்துச் செய்யுங்க."

ஆபரேஷன் தியேட்டருக்குள் எல்லோருக்கும் லேசருக்கான கறுப்புக் கண்ணாடி போட்டோம். நோயாளிக்கும் போட வேண்டும். சினிமாக்காரி மாதிரி இருக்கிறேனா என்று நர்ஸிடம் கேட்டார் அந்த அம்மா. இடையில் ஒரு துணித்திரை; அந்தப் பக்கம் அவர் முகம், இந்தப் பக்கம் கை. எலும்புக்குக் கம்பி போட்டார்கள். சின்ன டாக்டர் தமனியை நூலால் தைத்தாள். ரத்தம் வராமல் குழாயைக் கவ்விப் பிடித்திருந்த கிளிப்பை எடுத்ததும், ஐஸில் கிடந்து வெளிறிப்போன விரல் மெல்ல மெல்லச் சிவந்தது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிடும்.

ஆனால் ரத்தம் திரும்பிப் போகும் வழியில்தான் சிக்கல். உருப்படியாக இரண்டே சிரைகள் கிடைத்தன. இரண்டும் ஈரக் காகிதம்போல இருந்தன.

"மூணு தையல் தாங்குது சார். அதுக்கு மேல ஊசி போட்டா ஓட்டைதான் பெருசாகுது" என்றாள் சின்ன டாக்டர்.

"சரி. லேசர்."

பசையைத் தடவினார்கள். வழிகாட்டும் சிவப்புப் புள்ளி இணைப்பின்மேல் விழுந்தது. அத்தான் ஒரு மூச்சு இழுத்து விட்டார். அவர் கால் மிதித்தது, எடுத்தது. மைக்ரோஸ்கோப்பில் தெரிவதைக் காட்டும் டிவி திரையில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பசை வெளுத்துக் கெட்டியாகிற நிலையைத் தாண்டிப் பழுப்பாகி, அந்தச் சிரை தீயில் பட்ட பிளாஸ்டிக் பைபோலச் சுருங்கிவிட்டது. கிளிப்பை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ரத்தம்கூடத் தாண்டவில்லை. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி சேர்க்கலாம் என்றால் நீளம் போதாது.

எல்லோரும் என் மெஷினைப் பார்த்தார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அளவுக்கருவியை எடுத்து லேசரின் சக்தியை அங்கேயே அளந்து காட்டினேன். எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு இருந்தது. அதற்குப் பிறகுதான் அத்தானின் முகத்தைப் பார்த்தேன். முகமூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தெரிந்த கொஞ்சம் முகத்தில் ரத்தமே இல்லை. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"மெஷின் கோளாறுன்னு சொல்லிடலாம் அத்தான். நான் பார்த்துக்கறேன்."

அவர் என்னைத் திட்டவில்லை.

"இப்பதானே அளந்து சரின்னு சொன்ன? மெஷின் மேல பழியைப் போட்டா நான் காரணத்தைத் தேடமாட்டேன் மச்சான். அடுத்த சிரையும் இதே மாதிரி போயிடும்."

துணித்திரைக்கு அந்தப் பக்கமிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "என்ன டாக்டர், சத்தத்தையே காணோம்?"

நர்ஸ் அத்தானைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ரெண்டு சிரையில ஒண்ணு என்னால கருகிப்போச்சு. மெஷின் சரியா இருக்கு. தப்பு என்னுது. இன்னும் ஒண்ணு இருக்கு. ஏன் கருகிச்சுன்னு தெரியாம அதைத் தொடமாட்டேன். கொஞ்சம் பொறுத்துக்குவீங்களா?"

"நான் எங்க போகப்போறேன்? யோசிங்க" என்று பதில் வந்தது.

அவர் யோசித்தார். நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். அவர் உறைபோட்ட விரலின் பின்பக்கத்தால் அந்தக் கட்டைவிரலைத் தொட்டார். மறுபடியும் தொட்டார்.

"சூடா இருக்கு" என்றார்.

"ரத்தம் ஓடுதே சார், சூடாத்தானே இருக்கும்" என்றாள் சின்ன டாக்டர்.

"நம்ம கோழிக்கால் எங்கேருந்து வரும்?"

இத்தனை மாதமும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற கறியில் பழகியிருந்தார். குளிர்ந்த குழாய் சூடேறி, அப்புறம் பசை இறுக ஒரு மூச்சு நேரம் ஆகும். ஏற்கெனவே சூடாக இருக்கிற உயிருள்ள குழாய்க்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. கற்றுக்கொள்ளப் போன இடத்தில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள், உயிருள்ள உடம்பில் இணைப்பு சீக்கிரம் இறுகும் என்று. மூளைக்குத் தெரிந்திருந்தது, காலுக்கு எட்டவில்லை.

"செத்த கோழிக்குப் பழகின கால் இது. இதை இப்ப நம்பக் கூடாது" என்றார். சின்ன டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். "நீ மைக்ரோஸ்கோப்புல உன் பக்கத்துக் கண்ணாடி வழியா நிறத்தை மட்டும் பாரு. நான் தொட்டுத் தொட்டு எடுக்கறேன். நடுநடுவுல குளிர்ந்த உப்புத் தண்ணி சொட்டட்டும். வெளுக்க ஆரம்பிச்சதும் நீ நிறுத்தச் சொல்லு. நான் இன்னும் கொஞ்சம்னு நினைச்சாலும் காதுல வாங்காத."

"சொன்னா எடுத்துடணும் சார்."

"எடுத்துடறேன்."

பெரிய டாக்டர் ஒருவர், அத்தனை பேர் முன்னால், தன் காலை இன்னொருத்தர் வாய்க்கு ஒப்படைத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை எத்தனையோ மடங்கு உயர்ந்தது அந்த இடத்தில்தான், அவர் நோயாளிகளின் விரல்களை ஒட்டியபோதெல்லாம் இல்லை. அவர் அந்த அம்மாவிடம் மறுபடியும் கேட்டார், செய்யட்டுமா என்று. அந்த அம்மா "ம்" என்றார். சிவப்புப் புள்ளி இணைப்பைச் சுற்றி மெதுவாக நகர்ந்தது, லேசாக ஆடியபடியே. மிதித்தார், எடுத்தார். தண்ணீர் சொட்டியது. மிதித்தார். "நிறுத்துங்க" என்றாள் சின்ன டாக்டர். எடுத்துவிட்டார். குழாயைப் புரட்டி அடிப்பக்கத்தையும் அதேபோலச் செய்தார்கள்.

கிளிப்பை எடுத்தபோது நான் டிவி திரையைப் பார்க்கவில்லை, தைரியம் வரவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்ததும் துவண்டு கிடந்த ரப்பர் குழாய் நிமிருமே, அதுபோல அந்தச் சிரை கருநீலமாக நிமிர்ந்து, இணைப்பைத் தாண்டி மறுபக்கமும் நிறைந்ததாம். நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் திரும்பியபோது அத்தான் அந்த அம்மாவிடம் "போகுதும்மா, ரத்தம் போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாட்களில் விரல் கொஞ்சம் வீங்கியது, எங்களைப் பயமுறுத்தியது, பிறகு அடங்கியது. குழுவின் முன்னால் அத்தான் ஒன்றுவிடாமல் சொன்னார். மெஷினைப் பற்றிக் கேட்டவர்களிடம், மச்சானின் மெஷின் ஒழுங்காக இருந்தது, என் பயிற்சிதான் ஒழுங்காக இல்லை என்றார். யாரும் கேட்காமலே லேசரை நிறுத்திவைத்து, மறுபடி முதலிலிருந்து பழகினார். இந்தத் தடவை கோழிக்கால்களை வெந்நீரில் ஊறவைத்து, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே கத்தியை எடுத்தார். இன்றைக்கும் எங்கள் பயிற்சி அறையில் அதுதான் சட்டம். புதிதாக வருகிறவர்கள் இதென்ன கூத்து என்று முணுமுணுப்பார்கள். சின்ன டாக்டர் அவர்களிடம் கேட்கும் முதல் கேள்வியே, "கோழியைக் குளிப்பாட்டியாச்சா?" என்பதுதான்.

பல மாதங்கள் கழித்து, அந்த அம்மா விரலைக் காட்ட வந்தார். நான் வேறெதற்கோ அத்தானின் அறையில் இருந்தேன். அக்கா எங்கள் அம்மாவைப் பார்க்க வெளியூர் போயிருந்தாள். அதனால் அத்தானின் சட்டைக் கைகள் இரண்டும் திறந்து தொங்கிக்கொண்டிருந்தன. போட்டுவிடுகிறேன் என்று நான் கேட்டதற்கு, உன்னிடமெல்லாம் கையைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

கட்டைவிரல் சற்று மெலிந்து, கொஞ்சம் குட்டையாக, ஆனால் நல்ல நிறத்தில் இருந்தது. அத்தான் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்து, உடனே சிவந்தது. உணர்ச்சி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்கச் சின்னச் சின்னச் சாமான்கள் வைத்திருப்பார். நாணயம், குண்டூசி, பொத்தான் தைத்த ஒரு துணி. அந்தத் துணியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்தப் பொத்தானைப் போட்டுக் காட்டுங்கம்மா."

அந்த அம்மா துணியை ஒதுக்கிவைத்தார். அத்தானின் வலது கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். மணிக்கட்டில் தொங்கிய சட்டைக்கையை இடது கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒட்டிய கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பொத்தானைத் தேடினார். அது வழுக்கியது. மறுபடி பிடித்தார், ஓட்டைக்குக் கொண்டுபோனார், மறுபடி வழுக்கியது. அத்தானின் கை ஆடிக்கொண்டே இருந்தது. வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றேன்.

"ஆட்டாம இருங்க டாக்டர்" என்றார் அந்த அம்மா, தலை நிமிராமல்.

"முடிஞ்சா இருக்கமாட்டேனா?"

"சரி, ஆடட்டும் விடுங்க. நான் போட்டுடுவேன்."

போட்டுவிட்டார். பிறகு அடுத்த கையைக் கேட்டார்.